பைன் மரத்துக்குப் போத்து வைக்க முடியுமா?

முருங்கைப் போத்தை ஒடித்து மண்ணில் ஊன்றினால் கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும். கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கை எல்லாமே அப்படித்தான். வேலிக்கு நட்ட கம்பே நாலு வருஷத்தில் மரமாக நிற்கும். ஆனால் கொடைக்கானல் பைன் காட்டில் ஒரு நல்ல கிளையை ஒடித்து, அதே மலையில், அதே மண்ணில் ஊன்றிப் பாருங்கள். சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். 'பிடிச்சிருச்சு' என்றுகூடத் தோன்றும். பிறகு ஊசி இலைகள் பழுத்து, பழுப்பாகி, காய்ந்து போகும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இருக்காது.

'அப்போ பைன் விதையில்தான் வளரும்போல' என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் நியூசிலாந்தில் ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கான பைன் கன்றுகளைக் கட்டிங் வைத்துத்தான் உற்பத்தி செய்கிறார்கள். அங்கே வேர்விடுகிற பைன் இங்கே ஏன் வேர்விடவில்லை? மண்ணும் ஹார்மோன் பவுடரும் இதற்கு முக்கியக் காரணம் இல்லை. கிளையை எடுத்த மரத்தின் வயதுதான் காரணம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மர வளர்ப்பில் இருக்கிற ஒரு பெரிய சிக்கலுக்கே வந்து சேர்கிறோம். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன்.

விதை இருக்கும்போது கட்டிங் எதற்கு?

ரேடியேட்டா பைன் என்று ஒரு இனம். இயற்கையில் அது உலகில் ஐந்தே இடங்களில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா கடற்கரையில் மான்டரே, கேம்ப்ரியா, ஆன்யோ நுவேவோ என்று மூன்று துண்டுகள். மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப்பே, செட்ரோஸ் தீவுகளில் இரண்டு துண்டுகள். சொந்த ஊரில் அதைத் தச்சர்கள் பெரிதாக மதித்ததில்லை. நியூசிலாந்துக்குப் போனபோது கதை மாறியது. அங்கே மனிதர் நட்டு வளர்த்த காடுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இன்று இந்த ஒரே இனம்தான். சுமார் 28 வருஷத்தில் வெட்டுக்குத் தயாராகிவிடும்.

இவ்வளவு பெரிய பரப்பில் நடும்போது எந்த மரத்தின் பிள்ளையை நடுகிறோம் என்பது பெரிய கேள்வி. காட்டில் நேராக, தடிமனாக, மெல்லிய கிளைகளோடு நிற்கிற ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் விதையை எடுத்து நட்டால் பிள்ளைகள் அதேபோல வருமா? பாதிதான் உத்தரவாதம். பைன் மகரந்தம் காற்றில் வருகிறது. தாய் யாரென்று தெரியும், தகப்பன் யாரென்று தெரியாது.

தகப்பனையும் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. பெண் கூம்புகள் விரியும் முன்பே அவற்றின் மேல் பை கட்டிவிட்டு, வேண்டிய மரத்தின் மகரந்தத்தை உள்ளே செலுத்துவது. பிறகு விதை முற்ற இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். கூம்பு கூம்பாக ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. அதனால் அந்த விதை விலை கூடுதல், அளவும் குறைவு. கட்டிங் உள்ளே வருவது இங்கேதான். விலை உயர்ந்த ஒரு விதையை முளைக்க வைத்து, அந்தச் செடியிலிருந்து டஜன் கணக்கில் குச்சி எடுத்து நட்டால் ஒரு விதை பல கன்றுகளாகிவிடும். கரும்பை வெட்டிக் கரணையாக நடுவதுபோல.

எப்படிச் செய்கிறார்கள்?

நாற்றங்காலில் விதையை ஊன்றி வளர்க்கிறார்கள். செடி ஓரளவு எழுந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுகிறார்கள். இந்த இடத்தில் பைனின் உடலமைப்பு ஒரு உதவி செய்கிறது. பைன் இலைகள் தனித்தனியாக இருப்பதில்லை, கொத்தாக இருக்கும். ரேடியேட்டாவில் பொதுவாக ஒரு கொத்துக்கு மூன்று ஊசிகள். அந்தக் கொத்து உண்மையில் இலை மட்டும் இல்லை. வளராமல் நின்றுபோன ஒரு குட்டிக் கிளை அது. மூன்று ஊசிகளுக்கு நடுவே, அடியில், தூங்குகிற ஒரு வளர்முனை இருக்கிறது. உச்சி இருக்கும்வரை அது எழாது. உச்சியைக் கிள்ளியதும் பக்கத்தில் இருக்கிற கொத்துகள் விழித்துக்கொண்டு நிமிர்ந்த தளிர்களை விடும். நம் வீட்டில் துளசியைக் கிள்ளிவிட்டால் புதராகிறதே, அதே கணக்குதான்.

இப்படித் திரும்பத் திரும்பக் கிள்ளி, செடியை முழங்கால் உயரத்துக்கு மேல் விடாமல் வேலிச்செடி மாதிரி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளத் தளிர்களைக் குளிர்காலத்தில் வெட்டி, திறந்த வெளிப் பாத்தியிலேயே ஊன்றுகிறார்கள். முதலில் வெட்டுவாயில் ஒரு தழும்புத் திசு திரளும், பிறகு வேர் வரும். இதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம். முருங்கை மாதிரி அவசரம் கிடையாது. அடுத்த குளிர்காலத்தில் கன்று நடவுக்குத் தயார்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. ஒன்று, ஈரம். முருங்கைப் போத்து இலை இல்லாமல், உள்ளே சேமித்த சத்தோடு கிடக்கும். பைன் குச்சி அப்படி இல்லை. ஊசி இலைகளோடு இருந்தால்தான் அதற்கு உணவு. இலை இருந்தால் நீரும் போய்க்கொண்டே இருக்கும், நீரை உறிஞ்ச வேரும் இல்லை. அதனால் வேர் வரும்வரை குச்சி வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. காற்று ஈரமான, குளிர்ந்த ஊரில் பாத்தியிலேயே முடியும். வறண்ட ஊரில் மிஸ்ட் சேம்பர் வேண்டும்.

இரண்டு, வேரின் அமைப்பு. விதையில் வந்த கன்றுக்கு ஆணிவேர் உண்டு. கட்டிங்கில் வந்ததற்கு அடிவெட்டிலிருந்து நாலைந்து வேர்கள் கிளம்பும். அவை எல்லாப் பக்கமும் சீராகப் பரவினால் நல்லது. ஒரே பக்கம் வந்தால் பெருங்காற்றில் மரம் சாய்ந்துவிடும். எத்தனை குச்சி வேர்விட்டது என்று எண்ணினால் மட்டும் போதாது, எப்படி விட்டது என்றும் பார்க்க வேண்டும்.

வயதுதான் முதல் தடை

மேலே சொன்னது எல்லாமே சின்னச் செடிக்குத்தான் பொருந்தும். ஒன்றிரண்டு வயதுச் செடியின் குச்சி ரேடியேட்டாவில் ஹார்மோன் இல்லாமலேகூட வேர்விடும். பத்து வயது மரத்தின் குச்சி முரண்டு பிடிக்கும். இருபது, முப்பது வயது மரம் என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

வேர்விடத் தூண்டும் ஆக்சின் ஹார்மோன்களைச் செயற்கையாகத் தயாரித்துத் தோட்டக்காரர்கள் கையில் கொடுத்தது 1930களில். இன்று கடையில் வேர்விடும் பவுடர் என்று விற்கிறார்களே, அதில் இருக்கிற ஐ.பி.ஏ. அப்போது புழக்கத்துக்கு வந்ததுதான். இனி எந்த மரத்தையும் குச்சியில் வளர்த்துவிடலாம் என்ற உற்சாகம் இருந்தது. கென்னத் திமான், ஆல்பர்ட் டெலிஸ்ல் என்ற இருவர் வேர்விடச் சிரமப்படும் மரங்களை எடுத்துச் சோதித்து 1939ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஊசியிலை மரங்களும் அதில் இருந்தன. தாய்மரத்தின் வயது எவ்வளவு முக்கியமானது என்பதை அந்தக் கட்டுரை தெளிவாகக் காட்டியது. திமான் ஆக்சின் ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். ஹார்மோனின் எல்லையை எடுத்துச் சொன்னவர்களில் அவரே ஒருவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

'வயது' என்றதும் மூட்டுவலி, தளர்ச்சி என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 வருஷத்தைத் தாண்டிய பிரிசில்கோன் பைன் நிற்கிறது. அந்த இனத்தின் ஆயிரக்கணக்கான வயதுள்ள மரங்களும் முளைக்கும் விதையைத் தருகின்றன, அதிலிருந்து சாதாரணமான குட்டிச் செடி வருகிறது. ஆக, கிழடு தட்டுவது இங்கே பிரச்சினை இல்லை. மரம் குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர் பருவத்துக்குப் போகிறது. பூக்கத் தொடங்குகிறது, கிளை விடும் விதம் மாறுகிறது, வேர்விடும் திறன் குறைகிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது. விதை உருவாகும்போது எல்லாம் திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். கிளையை வெட்டி நடும்போது அப்படி வருவதில்லை. அந்தக் கிளை தன் பருவத்தை நினைவில் வைத்துக்கொண்டே இருக்கிறது.

இந்த 'நினைவை' நீங்களே வீட்டில் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் தொட்டியில் வளர்க்கிற அரக்கேரியா இருக்கிறதே, பலரும் அதைப் பைன் என்றுதான் நினைக்கிறார்கள். நார்ஃபோக் தீவு பைன் என்றே அதற்குப் பெயரும் உண்டு. உண்மையில் அது வேறு குடும்பம். அதன் பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால், அது மரமாக நிமிராது. தரையோடு படுத்த கிளையாகவே காலம் முழுக்க வளரும். நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் நடு உச்சியைத்தான் வெட்டி நட வேண்டும். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் வோஷ்டிங் 1904லேயே இதை விவரித்திருக்கிறார். ரேடியேட்டா பைன் இவ்வளவு பிடிவாதம் இல்லை. சின்னச் செடியின் பக்கக் கிளை சீக்கிரமே நிமிர்ந்துவிடும். ஆனால் வயதின் நினைவை அதுவும் விடாது.

சிக்கல் எங்கே?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பைன் மரம் நல்ல மரமா என்று தெரிய எத்தனை வருஷம் ஆகும்? நேராக வளர்கிறதா, நோய் தாங்குகிறதா, கட்டை எப்படி என்று ஓரளவு நம்பிச் சொல்ல எட்டு வருஷமாவது வேண்டும். முழுதாகத் தெரிய இன்னும் கூடும். எளிதாக நகலெடுக்க எத்தனை வயதுக்குள் வேண்டும்? மூன்று, நான்கு.

அதாவது, எந்த மரத்தை நகலெடுக்க வேண்டும் என்று தெரிகிறபோது நகலெடுக்க முடியாது. நகலெடுக்க முடிகிறபோது எதை எடுப்பது என்று தெரியாது.

தைல மரத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வரும். மரத்தின் அடிப்பகுதி இளமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதனால் மறுதாம்புத் தளிரில் எடுத்த குச்சி எளிதாக வேர்விடும். நல்ல மரம் எது என்று பொறுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகு வெட்டி, துளிர்க்கவிட்டு, வேண்டிய மட்டும் நகலெடுக்கலாம். நம்மூரில் குளோன் தைல மரம் இவ்வளவு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பைனில் பெரும்பாலான இனங்கள் வெட்டினால் போச்சு. கேனரி தீவுப் பைன் மாதிரிச் சில இனங்கள் மட்டுமே கட்டையிலிருந்து துளிர்க்கும். ரேடியேட்டா துளிர்க்காது.

மூன்று வழிகள்

முதல் வழி, ஒட்டு. வயதான மரத்தின் தளிரை இளங்கன்றின் மேல் ஒட்டலாம். வேர் கன்றுடையது, ஆகவே வேர்விடும் சிக்கல் இல்லை. ஆனால் ஒட்டிய தளிர் பெரியவராகவே இருக்கும், சீக்கிரமே கூம்பு விடும். மாஞ்செடி ஒட்டு சீக்கிரம் காய்க்கிறதே, அதுபோல. விதைத் தோட்டம் போட இது மிகவும் நல்லது. காடு முழுக்க நட வேண்டிய லட்சக்கணக்கான கன்றுகளுக்கு ஒத்துவராது.

இரண்டாவது வழி, வளரவே விடாமல் வைத்திருப்பது. ஒரே விதையிலிருந்து வந்த செடியைக் குச்சிகளாகப் பிரித்து, சிலவற்றைக் காட்டில் நட்டுச் சோதிப்பது. மீதியை நாற்றங்காலில் கிள்ளிக் கிள்ளிக் குட்டையாகவே வைத்துக்கொண்டு காத்திருப்பது. அமெரிக்காவின் வில்லியம் லிபியும் ஆஸ்திரேலியாவின் ஃபீல்டிங்கும் இன்னொருவரோடு சேர்ந்து ரேடியேட்டாவை இப்படி வேலியாகக் கிள்ளி வளர்ப்பது பற்றி 1972ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. ஓங்கி வளரவிட்ட மரத்தைவிட, கிள்ளி வைத்த அதே வயதுச் செடியின் குச்சி நன்றாக வேர்விடுகிறது. எனக்குப் புரிந்த வரையில், மரத்தின் பருவம் காலண்டரை மட்டும் பார்த்து ஓடுவதில்லை. வேரிலிருந்து உச்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் இதுவும் கடிகாரத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான். நிறுத்தாது.

மூன்றாவது வழி நிறுத்துகிறது. 1980களின் நடுவில் ஸ்ப்ரூஸ் மரத்தின் முற்றாத விதைக் கருவிலிருந்து ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான கருக்களை உண்டாக்க முடிந்தது. 1987ல் பி.கே. குப்தாவும் டி.ஜே. டர்ஸனும் லாப்லாலி பைனில் அதைச் செய்து கன்று வரைக்கும் கொண்டுவந்தார்கள். இந்தத் திசுவைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிடலாம். அங்கே பருவம் நகராது. ஒரு பங்கைக் காட்டில் நட்டு எட்டுப் பத்து வருஷம் பார்த்துவிட்டு, ஜெயித்ததை மட்டும் உறையிலிருந்து எடுத்துப் பெருக்கலாம். மரம் அங்கே வளர்ந்து பெரியவராகிவிட்டது. அதன் குழந்தைப் பருவம் இங்கே டப்பாவில் அப்படியே இருக்கிறது. செலவும் ஆய்வகமும் வேண்டும், எல்லா விதையும் ஒத்துழைக்காது. அதனால்தான் பாத்தியில் குச்சி ஊன்றும் பழைய முறையும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

வயதே பயன்படுகிற இடம்

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொஞ்சம் வயதான குச்சி, அதாவது மூன்று வயதுப் பருவத்தில் எடுத்தது, விதைக் கன்றைவிட நேரான தண்டும் மெல்லிய கிளையும் தருகிறது. உரம் அதிகமான பழைய மேய்ச்சல் நிலத்தில் விதைக் கன்றுகள் தறிகெட்டு வளர்ந்து கோணிப்போகும். அங்கே நியூசிலாந்துக்காரர்கள் இந்த 'வயதான' குச்சிக் கன்றுகளை விரும்பி நடுகிறார்கள். வயது இன்னும் கூடினால் தண்டு பருக்கும் வேகம் குறைந்துவிடும். ஆக, தடையாக இருந்த அதே நினைவை அளந்து பயன்படுத்துகிறார்கள்.

நகல் மட்டும் போதுமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குச்சியில் வந்த கன்றுகள் எல்லாம் ஒரே ஆள். அதில் ஒன்றை ஒரு நோய் சாய்த்தால் எல்லாவற்றையும் சாய்க்கும். ஃபுசேரியம் சர்சினேட்டம் என்ற பூஞ்சை 1986ல் கலிஃபோர்னியாவில் தலைகாட்டி, ரேடியேட்டாவைச் சொந்த ஊரிலேயே தாக்கியது. தென்னாப்பிரிக்காவில் 1990ல் பினஸ் பட்டுலா நாற்றங்காலில் அதே பூஞ்சை தெரிந்தது. நம் ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் நட்டிருக்கிற மெக்சிகோ பைன் இந்தப் பட்டுலாதான். அங்கே அதற்குப் பதிலாக, நோயைக் கூடுதலாகத் தாங்குகிற டெகுனுமானி பைனோடு பட்டுலாவைக் கலந்து, அந்தக் கலப்பினத்தைக் கட்டிங் மூலம் பெருக்கும் பக்கம் போனார்கள். கலப்பு விதை கிடைப்பது அரிது என்பதால் கட்டிங்தான் கைகொடுத்தது. ஆனால் குச்சி எடுக்கும் தாய்ச்செடிக்கே பூஞ்சை வந்துவிட்டால் வேர்விடும் கணக்கும் சரியும். நோய்க்கு மருந்தாக வந்த முறையே நோயைச் சுமக்கவும் கூடும்.

கலிஃபோர்னியாவில் அந்தப் பூஞ்சை வந்தபோது எல்லா ரேடியேட்டாவும் சாகவில்லை. சில மரங்கள் தாங்கி நின்றன. அவை தாங்கும் என்று முன்கூட்டியே யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததில்லை. காட்டில் கலந்து கிடந்ததால் இருந்தன. 1978ல் அந்த ஐந்து இயற்கைக் காடுகளுக்கும் ஆய்வாளர்கள் நேரில் போய் விதை சேகரித்து வந்ததன் அருமை இப்போது புரிகிறது. குவாடலூப்பே தீவில் ஆடுகள் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்து, கடைசியில் இருநூறு சொச்சம் கிழ மரங்கள்தான் மிஞ்சின. ஆடுகளை அகற்றிய பிறகுதான் அங்கே மறுபடி பைன் குட்டிகள் எழுந்தன.

கட்டிங் வைப்பது நமக்குத் தெரிந்த நல்லதைப் பெருக்கும் வேலை. இன்னும் தெரியாத நல்லது விதையில்தான் இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த வனத்துறைகள் ஒரே குளோனைப் பெரும் பரப்பில் நடாமல் பலவற்றைக் கலந்து நடுகின்றன, விதைத் தோட்டங்களையும் கைவிடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு மலைப்பக்கம் இருக்கிற யாருக்காவது முயன்று பார்க்கத் தோன்றினால், சுருக்கமாக இவ்வளவுதான். பெரிய மரத்துக் கிளையைத் தொடவேண்டாம். விதையை முளைக்கவிட்டு, அது ஒரு வயதாகும்போது உச்சியைக் கிள்ளுங்கள். பக்கத்தில் எழுகிற தளிர் பத்து சென்டிமீட்டர் வந்ததும் கூரான கத்தியால் வெட்டி, நீர் தேங்காத மணல் கலந்த கலவையில் குளிர்ந்த பருவத்தில் ஊன்றுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கூடாரம், நேர் வெயில் படாத இடம். அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்து லேசாக இழுத்தால், மண் கொஞ்சம் பிடித்துக்கொள்வது கையில் தெரியும்.